எண்பத்தேழு ஓட்டும் ஒரு மண்பானையும்

2016 சட்டமன்றத் தேர்தல், காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதி. அதிமுகவின் முருகுமாறன் வாங்கினது 48,450. விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் திருமாவளவன் வாங்கினது 48,363. வித்தியாசம் 87. ஒரு கல்யாண மண்டபத்துல முதல் பந்திக்கு உட்கார்றவங்க எண்ணிக்கைகூட இதைவிட ஜாஸ்தி.

அதே மெஷின்ல இன்னொரு திருமாவளவன் இருந்தார். சுயேச்சை. அவருக்கு விழுந்தது முன்னூறுக்குக் கொஞ்சம் கம்மி. 87ஐ மூணால பெருக்கினாலும் அதைத் தாண்டும். அத்தனையும் கை தவறி விழுந்த ஓட்டுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. வேணும்னே போட்டவங்களும் இருக்கலாம். ஆனா அதுல மூணுல ஒரு பங்கு கை தவறினதா இருந்தாலே ஒரு கட்சித் தலைவர் சட்டமன்றம் போறது நின்னு போயிருக்கும்.

பொட்டி தட்டுற பொழப்புல இருக்கறவனுக்கு இப்படி ஒரு எண்ணைப் பார்த்தா கை சும்மா இருக்காது. நோண்ட ஆரம்பிச்சேன். நோண்ட நோண்ட, 'பேர் தெரிஞ்சிருக்கறது' அப்படிங்கற ஒரு சின்ன விஷயம் தலித் அரசியல்ல எவ்வளவு பெரிய வேலை பார்த்திருக்குன்னு புரிஞ்சது. அதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல கணக்கு. கருத்துக்கணிப்புல "இந்தத் தலைவரை உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?"ன்னு கேக்கறாங்க இல்லையா, அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு: "இவரை உங்களுக்குத் தெரியுமா?" ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 தலித் ஓட்டர்கள்கிட்ட கேக்கறோம். முதல் தலைவரை 100 பேருக்கும் தெரியும். 55 பேருக்குப் பிடிக்கும், 45 பேருக்குப் பிடிக்காது. ரெண்டாவது தலைவரை 50 பேருக்குத்தான் தெரியும். அதுல 40 பேருக்குப் பிடிக்கும், 10 பேருக்குப் பிடிக்காது. அடுத்த நாள் பேப்பர்ல என்ன வரும்? முதல்வருக்கு 55 சதம், ரெண்டாமவருக்கு 40 சதம், "தலித் வாக்காளர்களிடம் இவருக்கே ஆதரவு"ன்னு கொட்டை எழுத்துல வரும். தெரிஞ்சவங்களுக்குள்ள மட்டும் பார்த்தா கதையே தலைகீழ். 55க்கு எதிரா 80.

அதுக்காக அந்த 80ஐ அப்படியே நம்பிடவும் கூடாது. ஒருத்தரை முதல்ல தெரிஞ்சுக்கறவங்க பெரும்பாலும் அவர் ஆளுங்கதான். கூட்டத்துக்குப் போனவன், கொடி கட்டினவன், அவன் அண்ணன், மச்சான். மீதி 50 பேருக்கும் பேர் போய்ச் சேரும்போது இதே விகிதத்துல பிடிக்கும்னு ஒரு உத்தரவாதமும் இல்ல. ஆகமொத்தம், தெரியாத பேருக்குக் கிடைக்கற குறைஞ்ச எண்ணிக்கை வெறுப்பும் இல்ல, தெரிஞ்ச பேருக்குக் கிடைக்கற பெரிய எண்ணிக்கை அன்பும் இல்ல.

இதுக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் அமெரிக்கக் கறுப்பின வாக்காளர்கள். ஒபாமாவுக்கு ஆரம்பத்துல இருந்தே கறுப்பர்கள் எல்லாம் வரிசைகட்டி நின்னாங்கன்னு நம்மள்ல பலபேர் நினைச்சுட்டு இருக்கோம். இல்லைங்க. 2007 முழுக்க பல கருத்துக்கணிப்புகள்ல கறுப்பின ஜனநாயகக் கட்சிக்காரங்க நடுவுல முன்னாடி நின்னது ஹிலாரி கிளிண்டன். கிளிண்டன்ங்கற பேரு எட்டு வருஷம் வெள்ளை மாளிகையில இருந்த பேரு. வீட்டுப் பேரு மாதிரி. ஒபாமா 2004ல தான் செனட்டுக்கே ஜெயிச்சவர். 2008 ஜனவரி 3ஆம் தேதி, வெள்ளைக்காரங்களே நிறைஞ்ச அயோவாவுல அவர் ஜெயிச்சதும் கதை மாறிச்சு. ஜனவரி 26 தென் கரோலினா பிரைமரியில கறுப்பின ஓட்டுல கிட்டத்தட்ட ஐந்துல நாலு பங்கு அவருக்கு. ஒரே மாசத்துல ஒரு சமூகத்தோட மனசே மாறிடுச்சான்னு கேட்டா, எனக்கு அப்படித் தோணலை. அதுவரைக்கும் கணிப்புல பதிவானது மனசே இல்ல, பரிச்சயம். அதோட இன்னொண்ணும் சேர்ந்திருக்கு: "நம்ம ஆளு ஜெயிப்பானா?"ங்கற கணக்கு. தோக்கற குதிரைமேல கட்டி அனுபவிச்ச சமூகத்துக்கு அந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

2020ல இதே தென் கரோலினா மறுபடியும் பாடம் எடுத்துச்சு. அயோவாவுல நாலாவது, நியூ ஹாம்ஷைர்ல அஞ்சாவதுன்னு அடிவாங்கிட்டு வந்த பைடன், கறுப்பின வாக்காளர்கள் அதிகமிருந்த அந்த மாநிலத்துல பிப்ரவரி 29ஆம் தேதி பாதிக்குப் பக்கமா ஓட்டு வாங்கி ஜெயிச்சார். ஒபாமாவுக்கு எட்டு வருஷம் துணையா இருந்தவர், மூணு நாள் முன்னாடி அந்த மாநிலத்தோட மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு சொன்னார். கறுப்பர்களான கமலா ஹாரிஸும் கோரி புக்கரும் அதுக்கு முன்னாடியே போட்டியை விட்டு விலகிட்டாங்க. ஒரே இனமா இருந்தா மட்டும் போதாது, பேரு போய்ச் சேர்ந்திருக்கணும், நம்பிக்கையும் கூடவே போயிருக்கணும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எங்க சிங்காரப்பேட்டை ஊத்தங்கரைத் தொகுதி. பக்கத்துலயே பர்கூர். பேர் தெரிஞ்சிருந்தா ஜெயிச்சுடலாம்னு நினைக்கறவங்க எல்லாரும் ஒருதரம் பர்கூருக்கு வந்துட்டுப் போகணும்.

1991ல ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் ரெண்டு தொகுதியில நின்னு ரெண்டுலயும் ஜெயிச்சு, பர்கூரை வெச்சுக்கிட்டார். எதிர்த்து நின்னவர் யார் தெரியும்ல? டி.ராஜேந்தர். அவரும் லேசுப்பட்ட பேரு இல்ல. தமிழ்நாட்டுல அவர் வசனம் தெரியாத டீக்கடை கிடையாது. முப்பதாயிரம் ஓட்டு வாங்கினார், முப்பத்தேழாயிரம் ஓட்டு வித்தியாசத்துல தோத்தார். ஆக ரெண்டு பெரிய பேருங்க மோதினா, பரிச்சயம் ரெண்டு பக்கமும் அடிபட்டு மிச்சமிருக்கறது வேற ஏதோ.

1996ல அதே பர்கூர். முதலமைச்சரே வேட்பாளர். தமிழ்நாட்டுல அந்தப் பேரைத் தெரியாத ஆள் கிடையாது. ஏன், தொட்டில்லகூட இருந்திருக்காது. எதிர்ல திமுகவோட இ.ஜி.சுகவனம். மாவட்டத்தைத் தாண்டி அந்தப் பேரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பாங்க? ரிசல்ட்: சுகவனம் 59,148, ஜெயலலிதா 50,782. வித்தியாசம் 8,366. தெரிஞ்ச பேருக்குப் பிரச்சினை இதுதான். நூத்துக்கு நூறு பேருக்குத் தெரிஞ்சிட்டா அதுக்கு மேல ஏற இடமில்ல, இறங்கறதுக்கு மட்டும்தான் இடம். தெரியாத பேருக்கு ஏற இடம் நிறைய. (சுகவனம் அப்புறம் 2004லயும் 2009லயும் கிருஷ்ணகிரி எம்.பி. ஆனார். 2001ல ஜெயலலிதா மனு போட்ட நாலு தொகுதியில ஒண்ணு கிருஷ்ணகிரி. நாலுமே தள்ளுபடி ஆச்சு. எங்க மாவட்டத்துக்கும் அந்தம்மாவுக்கும் ஏதோ ஒரு வாய்க்கா தகராறு போல!)

இதே கதை 1967 விருதுநகர்ல காமராஜருக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். மாணவர் தலைவர் பெ.சீனிவாசன்கிட்ட 1,285 ஓட்டுல. அதனால அதை நீட்டலை.

இப்ப தலித் வாக்காளர்கள் விஷயம். இங்கதான் வரலாறு கனமாகுது.

ஓட்டே இல்லாத காலத்துல ஒருத்தர் பேரைப் பரப்பினார். இரட்டைமலை சீனிவாசன். 1893ல பத்திரிகை ஆரம்பிக்கறார், பேரு 'பறையன்'. எந்தப் பேரைச் சொல்லி ஊர் ஒதுக்கிச்சோ அந்தப் பேரையே முகப்புல அச்சடிக்கறார். இன்னிக்கு மார்க்கெட்டிங் படிச்சவங்க இதுக்கு ஆயிரம் பேரு வெப்பாங்க. என் கண்ணுக்கு அது சுத்தமான தைரியம். பேர் தெரியணும்னா முதல்ல அந்தப் பேரைச் சொல்றதுக்குக் கூசக்கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்புறம் சட்டசபை வந்துச்சு. எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன் எல்லாம் சென்னை சட்டசபைக்குப் போனது நியமன உறுப்பினரா. நியமனம்னா என்ன அர்த்தம்? சேரியில இருக்கற ஆயிரம் பேருக்கு உங்களைத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல. கவர்னருக்குத் தெரிஞ்சிருந்தா போதும். அவங்க ரெண்டு பேருக்கும் மக்கள்கிட்ட செல்வாக்கு இருந்துச்சு, அது வேற விஷயம். ஆனா அந்தச் செல்வாக்கை அளக்க அந்த முறையில வழியே கிடையாது.

1932 ஆகஸ்ட்ல வகுப்புவாரித் தீர்ப்பு வந்து, தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி, தனி ஓட்டு, கூடவே பொது ஓட்டுன்னு சொல்லுது. 71 இடம். காந்தி எரவாடா ஜெயில்ல உண்ணாவிரதம். செப்டம்பர் 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். 71 இடம் 148 ஆச்சு, அதுல சென்னை மாகாணத்துக்கு 30. ஆனா தனி ஓட்டு போச்சு. கையெழுத்துப் போட்டவங்கள்ல அம்பேத்கரோட, நம்ம பக்கத்துல இருந்து இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, ராஜாஜி. (ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்துல. சிப்காட் பஸ்ல போறவங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்னு தெரியலை.)

அந்த ஒப்பந்தத்துல பலபேர் கவனிக்காம விடற ஒரு ஏற்பாடு இருக்கு. பிரைமரி. அதாவது, தனித்தொகுதியில முதல்ல தாழ்த்தப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுக்கணும். அந்த நாலு பேருக்குள்ளதான் ரெண்டாவது சுற்று. அதுல ஊரே ஓட்டுப் போடும். பத்து வருஷத்துக்கு இந்த முறைன்னு பேச்சு.

யோசிச்சுப் பாருங்க. தலித் மக்கள் மனசுல யாரு இருக்காங்கன்னு மட்டும் தனியா அளந்து, எண்ணி, பதிவு பண்ற ஒரு அரசாங்க ஏற்பாடு. ஒரு வகையில அது கருத்துக்கணிப்புதான். அதுவும் சாம்பிள் எடுக்காம, இருந்த தலித் ஓட்டர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கேட்ட கணிப்பு. (அத்தனை பேரும்னா, அப்ப சொத்து, வரி, படிப்பு இருந்தாத்தான் ஓட்டு. அதனால அந்த 'அத்தனை'யே ரொம்பக் கொஞ்சம்.) நாலு பேருக்கு மேல நின்னாத்தான் பிரைமரி நடக்கும்ங்கறதால 1937ல பெரும்பாலான இடத்துல அது நடக்கவே இல்ல. நடந்த இடங்களை வெச்சுத்தான் அம்பேத்கர் 1940கள்ல வாதாடினார்: எங்க ஜனங்க முதல் சுற்றுல மேல வெச்ச ஆள் ஒருத்தர், ரெண்டாவது சுற்றுல ஊர் ஓட்டுல ஜெயிச்சு வர்ற ஆள் வேற ஒருத்தர், இதுல யாரு எங்க பிரதிநிதி?

எனக்கு இந்த வாதத்துல பெரிய நியாயம் இருக்கறதாப் படுது. ஒரு தலித் வேட்பாளருக்கு ரெண்டு விதமான பேர் வேணும். சேரியில ஒரு பேரு, ஊர்ல ஒரு பேரு. சேரிக்காகச் சத்தம் போட்டவனுக்கு சேரியில நல்ல பேரு, அதே சத்தத்தால ஊர்ல கெட்ட பேரு. சத்தமே போடாதவனுக்கு ஊர்ல எந்தப் பேரும் இல்ல, அதனால கெட்ட பேரும் இல்ல. ரெண்டாவது சுற்றுல ஜெயிக்கறது சுலபமா யாருக்குன்னு சொல்லத் தேவையில்ல. அமெரிக்காவுல கறுப்பின வாக்காளர் மட்டும் என்ன நினைக்கறாங்கன்னு எக்ஸிட் போல் தனியா பிரிச்சுச் சொல்லும். இங்க பிரைமரி போனதுக்கு அப்புறம் தலித் ஓட்டு பொது ஓட்டுல கரைஞ்சு போச்சு. அதைத் தனியா பார்க்கறதுக்கு சர்வே தவிர வேற கண்ணாடி இல்ல. அந்தக் கண்ணாடி கோணலா இருந்தா, கோணலாத்தான் தெரிவோம்.

சுதந்திரம் வந்து 1951-52ல முதல் பொதுத்தேர்தல். எல்லாருக்கும் ஓட்டு, ஆனா பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பண்ணின ஏற்பாடு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி, பெட்டி மேல சின்னம். பேரைப் படிக்க வேண்டாம், படத்தைப் பாரு, சீட்டைப் போடு. பேர்ங்கற விஷயம் அந்தத் தேர்தல்ல வேறொரு வகையிலயும் வம்பு பண்ணிச்சு. வடக்கே சுமார் 28 லட்சம் பெண்கள் தங்க பேரைச் சொல்லாம "இன்னார் சம்சாரம்", "இன்னார் மக"ன்னே பட்டியல்ல இருந்தாங்க. சுகுமார் சென் ஒத்துக்கலை. அவ்வளவு பேரையும் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. வேட்பாளர் பேர் ஓட்டருக்குத் தெரியணும்ங்கறது இருக்கட்டும், ஓட்டர் பேரே இல்லாம போன கதை இது.

அப்ப தனித்தொகுதின்னா பெரும்பாலும் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு ரெண்டு எம்.எல்.ஏ., ஒண்ணு பொது, ஒண்ணு ஒதுக்கீடு. ஓட்டருக்கு ரெண்டு ஓட்டு. இதுல பொதுப் பிரிவுல நின்ன பெரிய மனுஷங்களுக்கு ஒரு ஆபத்து இருந்துச்சு. 1957ல ஆந்திராவுல பார்வதிபுரம் மக்களவைத் தொகுதி. பின்னாடி ஜனாதிபதி ஆன வி.வி.கிரி நின்னார். ஒதுக்கீட்டு இடம் போக, பொது இடமும் இன்னொரு பழங்குடி வேட்பாளர் டிப்பல சூரி தோராவுக்குப் போச்சு, ஏன்னா அவருக்கு கிரியைவிட ஓட்டு ஜாஸ்தி. கிரி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார், தோத்தார். இந்தியா முழுக்கத் தெரிஞ்ச தொழிற்சங்கத் தலைவர் பேரு, உள்ளூர்ல தெரிஞ்ச பேருக்கு முன்னாடி நிக்கலை. 1961ல சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை எடுத்துட்டாங்க. கிரி கேஸ் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா தனித்தொகுதி ஒத்தைத் தொகுதியா மாறினதுல பெரிய தலைகளுக்கு ஒரு நிம்மதி கிடைச்சது நிஜம்.

அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல பேரைச் சின்னம் முழுங்கிடுச்சு. உதயசூரியன், இரட்டை இலை. வேட்பாளர் பேரு கேட்டா "இலைதான்"னு பதில் வர்ற ஊருங்க. 1989ல இரட்டை இலை முடக்கப்பட்டு ஜெயலலிதா அணி சேவல்லயும் ஜானகி அணி இரட்டைப் புறாவுலயும் நின்னப்ப, சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு ஒண்ணு. முகம் நல்லாத் தெரிஞ்சிருந்தா சின்னம் இல்லாமலும் கொஞ்சதூரம் போகலாம்னு அது காட்டுச்சு. ஆனா ரெண்டு வாரத்துல புதுச்சின்னத்தைப் பரப்ப எவ்வளவு பெரிய முகம் வேணும்னும் அதுவேதான் காட்டுச்சு.

இப்ப திருமாவளவன் நின்ன சின்னங்களை வரிசையா சொல்றேன், கேளுங்க. 1999 சிதம்பரம், தமாகாவோட சைக்கிள். 2001 மங்களூர், உதயசூரியன். 2004 சிதம்பரம், ஐக்கிய ஜனதா தளம் வேட்பாளரா அம்பு. 2009 சிதம்பரம், நட்சத்திரம். 2014 அதே சிதம்பரம், மோதிரம். 2016 காட்டுமன்னார்கோயில், மோதிரம். நடுவுல 2011ல கட்சி பத்து இடத்துல மெழுகுவர்த்தியில நின்னு பத்தும் போச்சு. ஒரு ஆளைப் பத்துப் பன்னெண்டு வருஷமா தெரியும், ஆனா அந்த ஆளுக்கு ஓட்டுப் போடணும்னா ஒவ்வொரு தடவையும் புதுப்படம் ஒண்ணை மனப்பாடம் பண்ணணும். எனக்கு ஒரு பாஸ்வேர்டை மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொன்னாலே கடுப்பாகுது :)

ஏன் பேசாம உதயசூரியன்லயே நின்னுட்டுப் போகக்கூடாதுன்னு கேக்கலாம். நின்னா ஜெயிக்கலாம், ஆனா ஜெயிச்சதும் சட்டப்படி நீங்க அந்தக் கட்சி உறுப்பினர். கொறடா உத்தரவு அவங்களோடது. உங்க கட்சிக்கு ஓட்டுக்கணக்கும் ஏறாது, அங்கீகாரமும் கிடைக்காது. அடுத்த தேர்தல்லயும் சின்னத்துக்குக் கை ஏந்தணும். சொந்தப் பேரை வளர்க்கணும்னா இரவல் சின்னத்தை விடணும். இரவலை விட்டா தோக்கற அபாயம். சின்னக் கட்சிகளுக்கெல்லாம் இந்த இக்கட்டு உண்டு. தலித் கட்சிக்குக் கூடுதலா ஒண்ணு: பெரிய கட்சிச் சின்னத்துல நின்னா "எங்க சின்னத்துல பிழைச்சவங்க"ன்னு ஒரு பேச்சைக் காலம்பூரா கேட்டுக்கிட்டே இருக்கணும்.

2019 மக்களவைத் தேர்தல் இதுக்கு ஒரு நல்ல பரிசோதனை. ஒரே கட்சி, ஒரே கூட்டணி, ஒரே நாள், ரெண்டுமே தனித்தொகுதி. சிதம்பரத்துல திருமாவளவன், அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் கிடைச்ச பானை சின்னத்துல. விழுப்புரத்துல எழுத்தாளர் ரவிக்குமார், உதயசூரியன்ல. தமிழ்நாடு பூரா தெரிஞ்ச பேரு திருமாவளவன். இலக்கியம் படிக்கறவங்களைத் தாண்டி ரவிக்குமார் பேரு அந்த அளவுக்குப் போகாது. ரவிக்குமார் ஜெயிச்ச வித்தியாசம் 1,28,068. திருமாவளவன் ஜெயிச்சது 3,219ல, கடைசிச் சுற்று வரைக்கும் நகம் கடிக்க வெச்சு.

பார்த்தீங்களா சின்னம்தான் எல்லாமேன்னு இங்க முடிச்சுடலாம். ஆனா கணக்கு அவ்வளவு சுத்தமில்ல. விழுப்புரத்துல எதிர்ல நின்னது மாம்பழம், சிதம்பரத்துல எதிர்ல நின்னது இரட்டை இலை. ரெண்டு தொகுதியில சாதிக் கணக்கும் வேற. அதைவிட முக்கியமா, திருமாவளவன்ங்கற பேரு எல்லாருக்கும் தெரியும்ங்கறதே எதிர்த்து ஓட்டுப் போடறவங்களையும் பூத்துக்கு இழுத்துட்டு வரும். ரவிக்குமார் பேருக்கு அந்த எதிர்ப்பு இல்ல. நான் என்ன சொல்வேன்னா, ஒரு லட்சத்துச் சொச்சம் வித்தியாசத்துல சின்னத்துக்கு ஒரு பங்கு, பேருக்கு ஒரு பங்கு. எது எவ்வளவுன்னு பிரிக்கற கத்தி யார்கிட்டயும் இல்ல.

2021ல காட்டுமன்னார்கோயிலுக்கே திரும்பிப் போகலாம். அதே முருகுமாறன். எதிர்ல இந்தத் தடவை சிறுத்தைகள் கட்சியோட சிந்தனைச்செல்வன், பானைச் சின்னம். தலைவரோட பேர் அளவுக்கு இவர் பேரு பரவினது இல்ல. ஜெயிச்ச வித்தியாசம் 10,565. தலைவர் 87ல தோத்த இடம் அது! 2016ல மக்கள் நலக் கூட்டணியா தனியா நின்னதும், 2021ல திமுக கூட்டணியில நின்னதும்தான் பெரிய வித்தியாசம், மறுக்கலை. ஆனா பானையும் அதுக்குள்ள ரெண்டு வயசாகி நடக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

இதுல கருத்துக்கணிப்பு எங்க வருதுன்னு கேட்டா, இங்கதான். லோக்நிதி மாதிரி ஆட்கள் நல்ல முறை ஒண்ணு வெச்சிருக்காங்க. "யாரு முதல்வரா வரணும்?"னு கேக்கும்போது பேர்ப் பட்டியலைப் படிச்சுக் காட்ட மாட்டாங்க. மனசுல வர்ற பேரை நீங்களே சொல்லணும். ஓட்டு யாருக்குன்னு கேக்கும்போது வாயால கேக்காம, சின்னம் அச்சடிச்ச டம்மி சீட்டைக் கொடுத்து, மறைவா குத்திப் பெட்டியில போடச் சொல்வாங்க. ஊர்ல நாலு பேர் சுத்தி நின்னு பார்க்கும்போது ஒரு தலித் பெரியவர் வாய்விட்டு என்ன சொல்வார்னு நமக்குத் தெரியும். அதுக்கு அந்தப் பெட்டி ரொம்ப அவசியம். ஆனா ரெண்டு முறைக்கும் ஒரு சாய்வு உண்டு. பேரைத் தானா சொல்லச் சொன்னா முன்னாடி வந்து விழறது டிவியில தினம் பார்க்கற பேருதான். சின்னத்தைக் காட்டிக் கேட்டா, சின்னம் இன்னும் முடிவாகாத கட்சிக்கு அந்தச் சீட்டுல இடம் எங்க? தேர்தலுக்கு மூணு மாசம் முன்னாடி எடுத்த சர்வேயில பானை இருந்திருக்குமா?

இன்னொரு சங்கதி எங்க பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை சுத்துப்பட்டு கிராமங்கள்ல காலனியில பகல்ல போய்ப் பாருங்க. திண்ணையில வயசானவங்க, கைக்குழந்தையோட பொம்பளைங்க. இளவட்டம் பூரா ஓசூர் கம்பெனியில ஷிஃப்ட்ல, இல்லன்னா பெங்களூர்ல கட்டட வேலையில. புதுக்கட்சி, புதுச்சின்னம், புதுப்பேரு எல்லாம் முதல்ல தெரியறது அந்தப் பசங்களுக்குத்தான். போன் அவங்க கையில இருக்கு. சர்வேக்காரர் கையில மாட்டறது திண்ணையில இருக்கற தாத்தா. அவருக்கு எம்ஜிஆரைத் தெரியும், கலைஞரைத் தெரியும். ஓட்டுப்பதிவு அன்னிக்கு முந்தின ராத்திரி பெங்களூர்ல இருந்து பஸ்ஸு கூரையில இடமில்லாம வந்து இறங்கறவங்க, அந்த சர்வேயில இருந்ததே இல்ல. எங்க ஊத்தங்கரை 2011ல இருந்து தனித்தொகுதி. அதனால இந்தக் கோணல் எங்களுக்கு வெறும் புள்ளிவிவரப் பிரச்சினை இல்ல. "இவர் பேரு தலித் மக்கள்கிட்டயே எடுபடலை"ன்னு ஒரு வரி ரிப்போர்ட்ல வந்தா, கூட்டணிப் பேச்சுல அந்த ஆளுக்கு சீட்டு போச்சு. சீட்டு போனா பேரு பரவாது. பேரு பரவலைன்னா அடுத்த சர்வேயிலயும் எடுபடாது. மாடு செக்கைச் சுத்தற மாதிரி.

2024ல சிதம்பரம், விழுப்புரம் ரெண்டுலயும் பானையிலயே நின்னாங்க. திருமாவளவன் 1,03,554 வித்தியாசத்துல, ரவிக்குமார் 70,703 வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. (எதிரணி ரெண்டா உடைஞ்சிருந்ததையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்கணும்.) மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்கு உள்ள வழிகள்ல ஒண்ணு, 25 மக்களவை இடத்துக்கு ஒரு எம்.பி., மீதிக்கும் ஒருத்தர். தமிழ்நாட்டுக்கு 39, அப்ப ரெண்டு பேர் போதும். ரெண்டு பேர் இருந்தாங்க. 2025 ஜனவரியில தேர்தல் ஆணையம் அங்கீகாரம் கொடுத்து, பானையை அந்தக் கட்சிக்கே ஒதுக்கிச்சு. 1999ல சைக்கிள்ல கிளம்பினவங்க சொந்தப் படம் ஒண்ணுக்கு வந்து சேர இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

சின்னத்தை ஒதுக்க விதி இருக்கு, பேரை ஒதுக்க விதி கிடையாது. 2004ல கேரளா ஆலப்புழையில வி.எம்.சுதீரன் தோத்தது 1,009 ஓட்டுல, அங்க நின்ன வி.எஸ்.சுதீரன் வாங்கினது எட்டாயிரத்துக்கு மேல. இந்தக் கூத்துக்காகத்தான் 2015 மே மாசத்துல இருந்து வேட்பாளர் படத்தையும் தபால்தலை சைஸுல மெஷின்ல ஒட்டறாங்க. காட்டுமன்னார்கோயில் மெஷின்லயும் படம் இருந்திருக்கும். 2024ல ராமநாதபுரத்துல முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழத்துல நின்னப்ப, அதே முன்னெழுத்தோட அதே பேர்ல இன்னும் நாலஞ்சு பேர் மனு போட்டுட்டு வந்து நின்னாங்க.